ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: சிங்கப்பூரா, ஜெர்மனியா, தைவானா?

சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஈ.சி.ஈ. படிக்கிறாள், நாலாவது செமஸ்டர் முடியப்போகிறது, சி.ஜி.பி.ஏ. 8.4, அரியர் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். சிங்கப்பூர், ஜெர்மனி, தைவான் என்று மூன்று இடம். "அண்ணா, நீ ஜெர்மனி போய்ட்டு வந்தவன்தானே, எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லு" என்றாள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மறுநாள் இரவு அவளுக்கு எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. இதே குழப்பத்தில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல், ஆறாவது செமஸ்டரில் ஜெர்மனி போனவன். அதனால் ஜெர்மனி பற்றிச் சொல்வதெல்லாம் நேரில் பட்டது. சிங்கப்பூரும் தைவானும் என்னோடு படித்தவர்கள் போய் வந்து சொன்னதும், இப்போது தங்கைக்காகத் தேடிப் படித்ததும்.

எந்த நாடு என்ற கேள்விக்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "செமஸ்டர் அப்ராட்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. ஒன்று எக்ஸ்சேஞ்ச்: உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும், ஃபீஸை வழக்கம்போல இங்கேயே கட்டுவீர்கள், அங்கே டியூஷன் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் விமானமும்தான் உங்கள் செலவு. இன்னொன்று அங்கேயும் முழு ஃபீஸ் கட்டிப் போவது. இதில் ஒரு செமஸ்டருக்கு மட்டும் பல லட்சம் ஆகிவிடும், சில சமயம் நாலு வருட பி.இ.க்கு இங்கே கட்டுவதைவிட அதிகமாகவே ஆகும். ஏஜென்ட்டுகள் கூப்பிட்டுப் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. என் கருத்தைக் கேட்டால், பி.இ. படிக்கும்போது அந்த இரண்டாவது வகைக்குக் கடன் வாங்கிப் போகவே கூடாது. அந்தப் பணத்தை எம்.எஸ்.ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி இங்கே எழுதுவது எல்லாம் எக்ஸ்சேஞ்ச் பற்றி மட்டும்தான்.

சரி, இப்போது நாட்காட்டி. நாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும், நான் பார்க்காமல் போனதும் இதைத்தான். நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் ஆரம்பித்து நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடியும். இரட்டைப்படை ஜனவரியில் ஆரம்பித்து மே வரை. ஏழாவது செமஸ்டர் ஆரம்பித்ததுமே ப்ளேஸ்மென்ட் தொடங்கிவிடும், பெரிய எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் கம்பெனிகள் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வந்து போய்விடும். ஆக ஏழாவதில் ஊரில் இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு. மீதம் இருப்பது ஐந்து, ஆறு, எட்டு. இந்த மூன்றில் எதில் போனால் எந்தப் பேப்பர் தவறும், அதற்கு ஈடாக அங்கே எதைப் படிப்பீர்கள், அதை இங்கே ஏற்றுக்கொண்டதாக யார் கையெழுத்துப் போடுவார்கள், இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிட்டால் எந்த நாடு என்பது பாதி முடிவாகிவிடும்.

சிங்கப்பூர்

அந்தக் கணக்கில் முதல் இடம் சிங்கப்பூருக்கு. அங்கே உள்ள பெரிய பல்கலைக்கழகங்களான என்.யூ.எஸ்., என்.டி.யூ. இரண்டிலும் ஒரு செமஸ்டர் ஆகஸ்டில் ஆரம்பித்து டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, அடுத்தது ஜனவரியிலிருந்து மே தொடக்கம் வரை. நம் ஆறாவது செமஸ்டருக்கு மேல் அதை அப்படியே வைத்து மூடலாம், ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஜனவரியில் கிளம்பி மே மாதம் திரும்பினால் ஜூன் முழுவதும் ஆப்டிட்யூட், கோடிங் என்று ப்ளேஸ்மென்ட்டுக்குத் தயாராக நேரம் இருக்கிறது.

படிப்பு முறையும் நமக்குப் பழகியதுதான், வேகம் மட்டும் கூடுதல். என்.யூ.எஸ்.ஸில் ஒரு பாடம் பொதுவாக 4 யூனிட் (நம் கிரெடிட் மாதிரி), ஒரு செமஸ்டருக்கு 20 யூனிட் வழக்கமான சுமை. 4 யூனிட் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பத்து மணி நேரம் நிஜமாகவே போய்விடும் என்று போய் வந்த நண்பன் சொன்னான். 13 வாரம் வகுப்பு, ஆறாவது வாரம் முடிந்ததும் ஒரு வாரம் இடைவெளி. வாராவாரம் டியூட்டோரியல், குரூப் ப்ராஜெக்ட், நடுவில் ஒரு தேர்வு, கடைசியில் ஒரு தேர்வு என்று மதிப்பெண் பிரிந்து கிடக்கும். நம் இன்டர்னல், எக்ஸ்டர்னல் மாதிரியே இருப்பதால் திரும்பி வந்து கிரெடிட் மாற்றும்போது துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.க்கும் புரிய வைப்பது சுலபம். கணினித் துறைப் பாடங்களுக்கு மட்டும் அங்கே உள்ள மாணவர்களுக்குள்ளேயே அடிதடி, எக்ஸ்சேஞ்ச் மாணவனுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஐந்து பாடம் வேண்டும் என்றால் எட்டுப் பாடத்துக்கு இங்கேயே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.

செலவுதான் யோசிக்க வைக்கும். ஹாஸ்டல் அறை, சாப்பாடு, எம்.ஆர்.டி. ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 1,000 முதல் 1,300 சிங்கப்பூர் டாலர் என்று தங்கைக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். ஐந்து மாதத்துக்கு நாலு லட்சத்தைச் சுற்றி வருகிறது. விமானம் மலிவு, சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேராக நாலு மணி நேரம்தான். சித்திக்கு மனசில் பெரிய ஆறுதல் அதுதான், ஏதாவது ஒன்று என்றால் காலையில் கிளம்பி மதியம் போய் நிற்கலாம். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று, தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கிறது. இது நல்லதுதான், ஆனால் ஐந்து மாதமும் ஊர்க்காரர்களோடேயே சுற்றிவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும். அதற்கு நாலு லட்சம் அதிகம்.

ஜெர்மனி

நான் நேசித்த இடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சிக்கல். அங்கே பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, கோடைக்கால செமஸ்டரின் வகுப்புகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. ஹோஹ்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் மட்டும் கோடைக்காலம் மார்ச் நடுவிலேயே ஆரம்பிக்கும். இதில் எதை எடுத்தாலும் நம்முடைய இரண்டு செமஸ்டரைக் கடிக்கும். குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாவதின் பின்பாதியும் ஆறாவதின் முன்பாதியும் போகும். கோடைக்காலம் என்றால் ஆறாவதின் பின்பாதியும் ஏழாவதின் தொடக்கமும். வகுப்பு ஜூலையில் முடிந்தாலும் தேர்வு உடனே முடியாது, சில இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பர் வரை சிதறிக் கிடக்கும். என் கடைசித் தேர்வு ஆகஸ்ட் முதல் வாரம். அதற்குள் இங்கே ஏழாவது செமஸ்டர் ஒரு மாதம் ஓடிவிட்டது, இரண்டு கம்பெனிகள் வந்து போய்விட்டன.

பணம். டியூஷன் இல்லை என்பது உண்மை, ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட் காட்ட வேண்டும், அதாவது அங்கே ஆகும் செலவை முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ கணக்கு, வருடத்துக்கு 11,904. ஆறு மாதம் என்றால் 5,952 யூரோ, ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சம். அது ஃபீஸ் இல்லை, உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே வரும். ஆனால் விசாவுக்கு முன்னால் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும், நடுத்தரக் குடும்பத்துக்கு அதுதான் பாரம். என் அப்பா பி.எஃப்.பில் முன்பணம் எடுத்தார். அப்புறம் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 120 யூரோவுக்கு மேல். அங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும், டி.வி.யே இல்லை என்றாலும் வரும். பயப்பட வேண்டாம், அது ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு இடம் இருந்தால் கதையே வேறு, மாதம் 800, 900 யூரோ உதவித்தொகை கிடைக்கும், அப்படி ஒரு இடம் வந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் வகுப்புகளில். பேச்சிலர் பாடங்கள் அனேகமாக ஜெர்மன் மொழியில்தான். அதனால் நம் பையன்கள் போய் மாஸ்டர்ஸ் பாடங்களில் உட்கார அனுமதி கேட்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், முதல் மாதம் ஒன்றும் பிடிபடவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் நேசித்தேன் என்கிறேன் என்றால், அந்தக் கடைசித் தேர்வுக்காகத்தான். நீராவி டர்பைன் பாடம். அங்கே பல பாடங்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது, இன்டர்னல் கிடையாது, கடைசியில் ஒரே தேர்வு, அதுதான் முழு மதிப்பெண். எங்களுக்கு வாய்மொழித் தேர்வு, இருபது நிமிடம். பேராசிரியரின் அறையில் மேஜையில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு உதவியாளர். நீராவியின் என்தால்பியையும் என்ட்ரோபியையும் காட்டும் மோலியர் வரைபடத்தில், டர்பைனில் நீராவி விரிவடைவதை வரையச் சொன்னார். வரைந்தேன். கோடு ஏன் செங்குத்தாக இல்லை, ஏன் வலப்பக்கம் சாய்கிறது என்றார். இழப்பு இருக்கிறது, என்ட்ரோபி கூடுகிறது என்றேன், புத்தகத்தில் உள்ள வரி. "எந்த இழப்பு? எங்கே நடக்கிறது?" பிளேடின் மேல் உராய்வு, நுனியில் கசிவு என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். கோட்டின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்து, "இங்கே நீராவி எப்படி இருக்கும்?" என்றார். ஈரமாக. "ஈரமாக இருந்தால் என்ன?" நீர்த்துளிகள் கடைசி வரிசை பிளேடுகளை அரிக்கும். "அப்படியானால் நீ என்ன செய்வாய்?" அப்போதுதான், அந்த அறையில், ரீஹீட், அதாவது நீராவியை நடுவில் மறுபடி சூடாக்குவது, எதற்கு என்பது எனக்கு நிஜமாகப் புரிந்தது. இங்கே அதே ரீஹீட் சைக்கிளை 16 மார்க் கணக்காக நாலு முறை போட்டிருக்கிறேன், ஒரு முறைகூட எதற்கு என்று யோசித்ததில்லை. அந்த வரைபடத்துக்குப் பெயர் வரக் காரணமான ரிச்சர்ட் மோலியர் ட்ரெஸ்டனில் பேராசிரியராக இருந்தவர் என்று தேர்வு முடிந்து கை கொடுக்கும்போது சொன்னார்.

எனக்குக் கிடைத்தது 2.3. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ். இதை நம் பத்துப் புள்ளிக்கு மாற்றப் பல இடங்களில், வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் பவேரியன் சூத்திரத்தைத் தலைகீழாகப் போடுவார்கள். நம்மிடம் உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால் 2.0 என்பது 8.33 ஆகும், என் 2.3 என்பது 7.83. உங்கள் கல்லூரி எந்தச் சூத்திரம் போடும், அல்லது வெறும் பாஸ் என்று மட்டும் போட்டு சி.ஜி.பி.ஏ.வில் சேர்க்காமல் விடுமா என்பதைக் கிளம்பும் முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 8.5 கட்-ஆஃப் வைக்கும் கம்பெனி ஒன்று மனதில் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

எழுத்தில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது இது. வெப்பப் பரிமாற்றம் என்ற பாடத்தை அங்கே 6 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பிய முறை) கிரெடிட்டுக்குப் படித்தேன். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30, அதனால் 6 என்பது நம் 4 கிரெடிட் பாடத்துக்குச் சமமாக வரும். போகும் முன் துறையில் வாய்வார்த்தையாக "பண்ணிக்கலாம்ப்பா" என்றார்கள். திரும்பி வந்து சி.ஓ.இ. எனப்படும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஆபீஸில் சான்றிதழைக் கொடுத்தபோது, அங்கே கதிர்வீச்சு என்ற பகுதி நடத்தப்படவில்லை, நம் சிலபஸில் அது ஒரு முழு யூனிட், ஏற்க முடியாது என்றுவிட்டார்கள். அந்த கவுன்ட்டரின் கம்பிக்கு இந்தப் பக்கம், சிலபஸின் நகலில் அந்த யூனிட்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டு என் கையில் கொடுத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நவம்பரில் அரியர் எழுதுபவர்களோடு உட்கார்ந்து அந்தப் பேப்பரை எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் ஆகஸ்டில் வந்த கம்பெனியின் பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஸ்டாண்டிங் அரியர் ஒன்று என்று இருந்தது, முதல் சுற்றுக்கே கூப்பிடவில்லை. வாழ்நாளில் ஒரு பேப்பரில்கூடத் தோற்காதவனுக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

தைவான், அல்லது எட்டாவது செமஸ்டர்

இதைத் தனி நாடாகப் பார்ப்பதைவிடத் தனி வழியாகப் பார்ப்பது சரி. அங்கே செமஸ்டர் செப்டம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரியிலிருந்து ஜூன். பாடம் படிக்கப் போனால் ஜெர்மனி மாதிரியே இடிக்கும், ஆனால் எட்டாவது செமஸ்டரில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைச் செய்யப் போனால் இடிக்காது. ஆய்வகத்துக்குள் போவதற்கு செமஸ்டர் தேதி அவ்வளவு முக்கியம் இல்லை, பேராசிரியர் ஒப்புக்கொண்டால் ஜனவரியிலேயே போகலாம். இங்கே எட்டாவதில் பெரும்பாலும் ப்ராஜெக்டும் ஒன்றிரண்டு எலெக்டிவும்தான், அந்த எலெக்டிவ்களை முன்கூட்டியே என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்கள் வழியாக முடித்துவிடத் தன்னாட்சிக் கல்லூரிகள் பல விடுகின்றன. சிலபஸ் பொருத்தம் என்ற தலைவலியே கிடையாது, ப்ராஜெக்ட் எங்கே செய்தாலும் ப்ராஜெக்ட்தான். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை வெளிநாட்டில் செய்ய தேஷ்-விதேஷ் என்று உதவித்தொகையே வைத்திருக்கிறார்கள்.

ஈ.சி.ஈ. படிப்பவர்களுக்கு ஏன் தைவான் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்சு நகரத்தில் 1980-இல் அமைத்த அறிவியல் பூங்கா, 1987-இல் தொடங்கிய சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யின் தலைமையகம், அதை ஒட்டினாற்போலவே தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகமும் தேசிய யாங் மிங் சியாவ் துங் பல்கலைக்கழகமும். காலையில் சைக்கிளில் ஆய்வகத்துக்குப் போகிற வழியில் ஃபேப் எனப்படும் சிப் ஆலைக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று என் வகுப்புத் தோழி எழுதினாள், அவள் இப்போது அங்கேயே மாஸ்டர்ஸ். டீப் என்று தைவான் கல்வி அமைச்சகம் நடத்தும் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்கள் குறுகிய காலத்துக்கு ஆய்வகங்களில் பயிற்சி எடுக்கலாம், பல இடங்களில் மாத உதவித்தொகையும் உண்டு. செலவும் மூன்றில் இதுதான் குறைவு, பல்கலைக்கழக விடுதியில் நாலு பேர் அறையில் இருந்துகொண்டு மாதம் 15,000 தைவான் டாலருக்குள் அவள் சமாளித்தாள், நாற்பதாயிரம் ரூபாயைச் சுற்றி வரும்.

தங்கை சைவம் என்பதால் சித்தி இதைத்தான் முதலில் கேட்டார். ஆச்சரியமாக, மூன்றில் சைவத்துக்கு நல்ல இடம் தைவான்தான். பௌத்த வழக்கத்தால் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு, "சூஷி" என்று சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள், அது ஜப்பான்காரர்களின் மீன் சூஷி இல்லை. பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத சமையல் அது.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. ஏழாவதில் வேலை கிடைத்தால், எட்டாவதில் ஜனவரியிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு வந்து சேரச் சொல்லும் கம்பெனிகள் இப்போது நிறைய. ஆஃபர் லெட்டரில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தைவான் பேராசிரியருக்கு "வருகிறேன்" என்று மெயில் போட வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டு வராமல் போனால் அடுத்த வருடம் உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

செமஸ்டரையே தொடாமல் போகும் வழியும் உண்டு. ஆறாவது முடிந்து கோடையில் கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க், 12 வாரம் ஆய்வுப் பயிற்சி, செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் போட்டி கடுமை, விண்ணப்பம் முந்தைய வருடமே போட வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் வைஸ் இதே மாதிரி. அங்கே ஒரு பேராசிரியரின் அழைப்பு வேண்டும், எல்லாக் கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்க முடியாது. கிரெடிட் மாற்றும் வேலையே இல்லை என்பதால் வீட்டில் பணம் நெருக்கடி என்றால் முதலில் இதைத்தான் முயலச் சொல்வேன்.

என் முடிவு

மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனிதான் என்று மனதில் உறுதியாக இருப்பவன், கேம்பஸ் வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வீட்டிலும் பேசி முடித்தவன், அவன் மட்டும் ஜெர்மனி போகட்டும், அதுவும் ஹோஹ்ஷூலே என்றால் நாட்காட்டி கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்த ஒரு வாய்மொழித் தேர்வுக்காக நான் இன்னொரு முறைகூடப் போவேன், ஆனால் என்னை மாதிரி போகச் சொல்ல மாட்டேன். வேலையும் வேண்டும், வெளியே படித்த அனுபவமும் வேண்டும், நாலு லட்சம் புரட்ட முடியும் என்பவர்களுக்கு ஆறாவதில் சிங்கப்பூர். மற்ற எல்லோருக்கும், ப்ளேஸ்மென்ட் முடித்துவிட்டு எட்டாவதில் ப்ராஜெக்ட், தைவானோ வேறு எங்கோ, நல்ல ஆய்வகம் எதுவோ அது. நம் கல்லூரிகள் நடக்கிற விதத்தில் இதுதான் குறைந்த செலவில் அதிகம் கற்றுக்கொள்ளும் வழி என்று நினைக்கிறேன்.

தங்கைக்கு வி.எல்.எஸ்.ஐ., அதாவது சிப் வடிவமைப்பு மேல் ஆசை. அவளுக்கு எட்டாவதில் தைவான் என்றேன். அவள் சிங்கப்பூரையும் விடவில்லை, ஆறாவது செமஸ்டர் சிலபஸையும் அங்கே உள்ள பாடங்களையும் யூனிட் யூனிட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு எக்செல் தாள் போட்டு நேற்று இரவு அனுப்பினாள். நாலு பாடம் பொருந்துகிறது, ஆன்டெனா பாடத்தில் ஒன்றரை யூனிட் உதைக்கிறது, அந்தக் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருக்கிறாள். திங்கட்கிழமை ஹெச்.ஓ.டி.யைப் பார்க்கப் போகிறாள், தாளின் அடியில் கையெழுத்துக்கும் தேதிக்கும் சீலுக்கும் இடம் விட்டு பிரின்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.